புதிய கர்ணங்கள்

தாமிரபரணிக் கரைக் கோயில்களில் நிலக்கொடைகளும் வரிவிலக்குகளும் கல்லில் வெட்டி வைக்கப்பட்டன. எழுத்தறிந்த எவரும் சுவரருகே நின்று அவற்றைப் படிக்க முடிந்தது. செதுக்கிய தச்சன் இறந்த பின்னும், ஆணையிட்ட அரசனின் மரபே அற்றுப்போன பின்னும் அவை படிக்கப்பட்டன, இன்றும் படிக்கப்படுகின்றன. ஊர்க்கணக்கின் கதை வேறு. அது ஓலையிலும் பின்னர்த் தாளிலும் எழுதப்பட்டுக் கர்ணத்தின் வீட்டில் இருந்தது. எந்த வயலுக்கு எவ்வளவு தீர்வை என்று அறிய விரும்பிய குடியானவன் அவர் வீட்டுத் திண்ணையில் காத்துக்கிடந்தான். கணக்கு அரசினுடையது, அதைத் திறந்து காட்டும் அதிகாரமோ ஒரு குடும்பத்தினுடையது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு வழிவழியாக வந்த அந்தக் கிராமப் பதவிகளை ஒழித்தது. அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

கர்ணம் போய்விட்டார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்று பட்டாவும் சிட்டாவும் கணினிக்குள் இருக்கின்றன. மாணவரின் மதிப்பெண்ணும் முதியவரின் ஓய்வூதியமும் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கணினியின் மொழியும் கோப்பின் வடிவமும் யாருடையவை என்ற கேள்வி, பழைய திண்ணைக் கேள்வியின் மறுபிறப்பேயாகும். அரசு எந்த மென்பொருளை வாங்குகிறது என்னும் செய்தியை இலக்கிய வாசகர்கள் வணிகப் பக்கத்துக்கு உரியதென ஒதுக்கிவிடுவது வழக்கம். எழுத்தையும் ஏட்டையும் போற்றுகிறவர்கள் அப்படி ஒதுக்குவது தகாது என்பதே நம் எண்ணம்.

தமிழ் எழுத்துரு வரலாறே இதற்குப் போதுமான சான்று. 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் தனக்கென ஒரு குறிமுறையையும் வைத்திருந்தது. ஒன்றில் தட்டெழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். இக்குழப்பத்தை நீக்க 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறிமுறைகளும் தரப்படுத்தப்பட்டன. ஆயினும் அரசு அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்கள் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தன. 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் ஒருங்குறியைத் தரமாகவும், தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறையான டேஸ்16ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்கும் அரசாணை வந்தது. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றிருந்தது. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் பிற குறிமுறைகளில் எழுதிக் குவிக்கப்பட்ட கோப்புகள் எத்தனை! நம் துறையிலேயே அக்காலத்துக் கருத்தரங்கக் கட்டுரைகள் நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன. எழுத்துருவை விற்ற நிறுவனம் இன்றில்லை. கட்டுரைகளும் இருந்தும் இல்லாதவையே. ஆயிரம் ஆண்டு முந்தைய வட்டெழுத்தைப் படிக்க அறிஞர் இருக்கிறார்கள். முப்பது ஆண்டு முந்தைய கோப்பைப் படிக்க ஆளில்லை.

இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து சொன்னவர்கள் உலகில் இருந்தார்கள். பெரு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவா, அரசு அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். 2002இல் மைக்ரோசாஃப்ட் எதிர்ப்புத் தெரிவித்து எழுதியது. அவர் எழுதிய மறுமொழியில் விலைப்பேச்சு முதன்மை பெறவில்லை. பொதுத்தகவலைக் குடிமக்கள் தடையின்றி அடையவேண்டும். அரசின் தரவுகள் காலத்தால் அழியாமல் நிற்கவேண்டும். நாட்டின் பாதுகாப்பு பிறர் கையில் இருக்கலாகாது. இம்மூன்றுமே அவர் எடுத்துவைத்த அடிப்படைகள். நம் கர்ணத்தின் கதையை அறியாமலே அக்கதையின் நீதியை அவர் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆண்டு மே 28ஆம் நாள் குறிப்பிடத்தக்கது. அன்று ஜெர்மனியின் மியூனிக் மாநகர மன்றம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற வாக்களித்தது. அதே நாளில் புணேயில் ஒரு கல்வி நிறுவன விழாவில் பேசிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், இந்தியாவுக்குத் திறந்த மூல மென்பொருளே ஏற்றதென வலியுறுத்தினார். சில மாதங்களுக்கு முன்னர்த் தம்மைச் சந்தித்த பில் கேட்ஸிடம் இதில் கருத்து வேறுபாடு தோன்றியதையும் மறைக்காமல் சொன்னார்.

தமிழ்நாட்டில் இக்கருத்து செயல்வடிவம் பெற்றது 2006க்குப் பின்னர். 1977இல் தொடங்கப்பட்ட அரசு மின்னணுக் கழகமான எல்காட்டின் மேலாண் இயக்குநராக இந்திய ஆட்சிப்பணி அலுவலர் சி. உமாசங்கர் வந்தார். எல்காட் அலுவலகக் கணினிகள் சூசி லினக்ஸுக்கு மாறின. கடிதங்களும் கணக்குகளும் ஓப்பன் ஆபீஸில் எழுதப்பட்டன. அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் கணினி வாங்கித் தரும் வாயில் எல்காட் என்பதால், ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரியை மாற்றினாலே மாநிலம் முழுவதும் அதன் விளைவு தெரியும். அந்த வரி மாறியது. பள்ளிகளுக்கு ஆயிரக்கணக்கான கணினிகள் லினக்ஸுடன் போய்ச் சேர்ந்தன. 2008இல் அவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டார். முயற்சியின் வேகமும் தணிந்தது. ஓர் அலுவலரின் இடமாற்றத்தோடு தளர்ந்துபோகும் கொள்கை, கொள்கையாக வேரூன்றவில்லை என்றே பொருள்.

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. மாணவர் இயந்திரத்தைத் திறந்தவுடன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நம் வகுப்பறைகளில் கண்டவரையில் அந்தத் தேர்வு நிகழவே இல்லை. ஒன்று, பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் கணினி மையத்துக்காரருக்கும் தெரிந்த வழி. மற்றொன்றைக் கற்பிக்க ஆசிரியருக்கே தெரியாது. ஆளில்லாத பாதைக்குக் கதவு மட்டும் திறந்து வைக்கப்பட்டது. பிறகு 2014 ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அரசுக் கணினிகள், தொலைதூரத்தில் ஒரு நிறுவனம் எடுத்த முடிவால் பாதுகாப்பற்றவை ஆயின. பாஸ் லினக்ஸ் பற்றிய பேச்சு அப்போது மீண்டும் எழுந்தது. ஆனால் நெருக்கடியில் நினைக்கப்படும் தெய்வத்துக்கு நித்திய பூசை நடப்பதில்லை.

மலைக்கு அப்பால் நிலைமை வேறு. கேரள அரசு 2001இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கேயும் தயக்கங்களும் எதிர்ப்புகளும் இருந்தன. அவர்கள் இயந்திரத்தோடு ஆசிரியரையும் ஆயத்தப்படுத்தினார்கள்; பாடநூலும் தேர்வும் கட்டற்ற மென்பொருளைச் சார்ந்தே அமைந்தன. ஆட்சிகள் மாறிய பின்னும் அது நிற்கிறது. இங்கே நாம் பெட்டியை வாங்கினோம். அங்கே பழக்கத்தை உண்டாக்கினார்கள். இரு முயற்சிகளின் வேறுபாடு இதுவே என்பது நம் துணிபு. மியூனிக்கிலும் கூட, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்த பின்னர், 2017இல் அம்மன்றமே விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. வாங்கும் முடிவைக் காட்டிலும் அதைக் காப்பாற்றும் உறுதியே அரிது.

விலை குறைவாகவோ இலவசமாகவோ தருகிறார்களே, ஏன் வேண்டாமென்கிறீர்கள் என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்குத் தூத்துக்குடியின் வரலாற்றை நினைவூட்டுவோம். 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. இறுதியில் இலவசமாகவே ஏற்றிச்செல்ல முன்வந்தது. அந்த இலவசம் கருணையாலா வந்தது? போட்டியாளன் மூழ்கும்வரை நீடிக்கும் இலவசம் அது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் சலுகை விலையில் வரும் மென்பொருளையும் இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பதினாறு வயதில் பழகிய கை, நாற்பது வயதில் அலுவலகத்துக்கு வாங்கும்போது வேறொன்றைத் தேடாது.

இப்போது செய்தி வேறு திசையிலிருந்து வருகிறது. மத்திய அரசு ஊழியர் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டிருப்பதாக 2025இல் செய்திகள் வந்தன. அலுவலகப் பணிகளுக்கு அந்நிறுவனத்தின் மென்பொருளையே பயன்படுத்துமாறு கல்வி அமைச்சகம் தன் அலுவலர்க்கு அறிவுறுத்தியது. ஆழ்வார்குறிச்சியில் இருப்பவர்களுக்கு இது அயலூர்ச் செய்தியன்று. அந்நிறுவனம் நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்து, சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறது. வயற்காட்டு நடுவே உலகத்தரமான மென்பொருள் எழுத முடியும் என்று காட்டியதில் நமக்கும் பெருமிதம் உண்டு. ஆனால் பெருமிதம் ஒன்று, ஒப்பந்தம் மற்றொன்று. நம்மவர் என்பதால் நிரலின் மூலம் நமக்குத் திறந்துவிடுவதில்லை. சுதேசிக் கப்பல் நிறுவனமும் நம்மவருடையதுதான். அதன் காலியாவையும் லாவோவையும் வரவேற்கத் திரண்ட மக்கள் கூட்டமும் நம்முடையதுதான். வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது, கப்பல்கள் கைமாறின. பங்குதாரரின் தேசபக்தி கப்பலைக் காக்கவில்லை. நிறுவனங்கள் விற்கப்படலாம், மூடப்படலாம், தலைமை மாறலாம். அரசின் ஆவணம் அந்த ஏற்ற இறக்கங்களுக்குக் கட்டுப்பட்டதாக இருக்கக்கூடாது.

இந்த ஊர் மற்றொரு பாடத்தையும் தருகிறது. ஆழ்வார்குறிச்சியில் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன், வெள்ளையர் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்து, அமால்கமேஷன்ஸ் குழுமத்தை உருவாக்கினார். டீசல் எந்திரமும் டிராக்டரும் இங்கேயே தயாராகும் நிலைக்கு அவர் வழிவகுத்தார். அயல்நாட்டு நுட்பத்தை அவர் தள்ளிவைக்கவில்லை. வாங்கியதைப் பிரித்துப் பார்த்து, உறுப்புகளைச் செய்து, கடைசியில் முழுவதையும் செய்யும் கைகளை இங்கே வளர்த்தெடுத்தார். திறக்க இயலாத பெட்டியாக எந்திரம் வந்திருந்தால் அந்தக் கைகள் வளர்ந்திருக்குமா? மென்பொருளில் மட்டும் திறக்க இயலாத பெட்டியை நாம் இயல்பென ஏற்றுக்கொள்கிறோம்.

ஆகவே எந்த நிறுவனம் என்ற வழக்கில் நாம் இறங்கவில்லை. வாங்குகிறபோது எழுப்பவேண்டிய கேள்விகள் சிலவே. எழுதப்படும் கோப்பு எவரும் திறக்கத்தக்க பொதுத்தரத்தில் இருக்குமா? மைக்ரோசாஃப்ட்டின் ஆவண வடிவத்தைப் பன்னாட்டுத் தரமாக்கும் முன்மொழிவுக்கு 2007இல் இந்தியா எதிர்வாக்கு அளித்தது. 2008இலும் அந்நிலையில் உறுதியாக நின்றது. அந்தத் துணிவை நம் தாலுகா அலுவலகங்களிலும் காண விரும்புகிறோம். ஒப்பந்தம் முடிந்தால் தரவுகளை முழுமையாக எடுத்துக்கொண்டு வெளியேற வழி உண்டா? அவ்வழி ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கிறதா? கற்பிக்கப்போகும் ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா? திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசே 2015இல் வெளியிட்டிருக்கிறது. ஆணை இருக்கிறது, கேட்பவர் இல்லை.

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். அக்கணினியின் நிறத்தையும் பைமேல் அச்சிடும் படத்தையும் பற்றி நாடு முழுவதும் பேசும். அதில் ஒரு மாணவி எழுதும் முதல் தமிழ்க் கட்டுரை முப்பது ஆண்டுகள் கழித்துத் திறக்குமா என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாமாவது கேட்கவேண்டும். கேளாவிட்டால், 1980இல் திண்ணையை விட்டு இறங்கிய கர்ணம் வேறு வேடத்தில் மீண்டும் வந்து அமர்ந்துகொள்வார். இம்முறை அவர் வீடு எங்கே இருக்கிறதென்றுகூட நமக்குத் தெரியாது.