பாலு மகேந்திராவின் திரைமொழி

பாலு மகேந்திரா (மே 20, 1939 – பிப்ரவரி 13, 2014) தமிழ், கன்னடம், மலையாளம், தெலுங்கு, இந்தி மொழிகளில் பணியாற்றிய இயக்குநர், ஒளிப்பதிவாளர். தன் படங்களுக்குத் தானே திரைக்கதை எழுதி, தானே ஒளிப்பதிவு செய்தவர். பெரும்பாலானவற்றைத் தானே தொகுத்தவர். அழகிய காட்சிகளை எடுத்தவர் என்றே பொதுவாக நினைவுகூரப்படுகிறார். அந்த அழகுக்குப் பின்னால் ஒரு கறாரான விதி இருந்தது. ஓர் இடத்தில் வெளிச்சம் இயல்பாக எங்கிருந்து வருமோ அங்கிருந்துதான் வரவேண்டும். இந்த விதியை அவர் கதைக்கும் பொருத்தியதே அவரது தனித்தன்மை.

பின்னணி

பாலு மகேந்திரா இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தார். பள்ளிச் சுற்றுலாவில் டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) படப்பிடிப்பைப் பார்த்ததையும், இயக்குநர் குரல் கொடுத்ததும் மழை பெய்த வியப்பையும் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969-ல் தங்கப்பதக்கத்துடன் வெளிவந்தார். ராமு காரியாட் இயக்கிய 'நெல்லு' (மலையாளம், 1974) அவரது முதல் படம்.

அன்றைய தென்னிந்தியப் படங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோ செட்டுகளில் எடுக்கப்பட்டன. இரவுக் காட்சியிலும் நாயகனின் முகம் பளிச்சென்று தெரியும். நடிகரின் முகமே முதலீடு என்பதால் அதில் நிழல் விழுவது குறையாகக் கருதப்பட்டது. பாலு மகேந்திரா அந்த நிழலை அனுமதித்தார். ஜன்னல், கதவு, விளக்கு என்று காட்சிக்குள் உள்ள ஒன்றே ஒளிக்குக் காரணமாக இருந்தது. ஜன்னலை விட்டு விலகும் பாத்திரம் இருளுக்குள் சென்றது.

எல்லைக்கு அப்பால் தொடக்கம்

அவர் இயக்கிய முதல் படம் தமிழில் அமையவில்லை. 'கோகிலா' (1977) கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட கன்னடப் படம். பட்டாபிராம ரெட்டியின் 'சம்ஸ்காரா' (1970) தொடங்கிவைத்த அலையால், சிறு முதலீட்டில், நட்சத்திரப் பளபளப்பு இல்லாமல் படமெடுக்கும் சூழல் கன்னடத்தில் உருவாகியிருந்தது. கமல்ஹாசன், ஷோபா, ரோஜா ரமணி நடித்த 'கோகிலா'வில் நாயகன் வீரன் அல்ல. ஒரு பெண்ணைக் காதலித்து, தன் தவறால் வேறொரு பெண்ணை மணக்க நேரும் சாதாரண இளைஞன். இப்படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்குகின்றன. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் ஒருவர் மூன்று மொழிப் படங்களையும் பார்ப்பது இயல்பு. சென்னையில் நிலைமை வேறு. அங்கே 'கோகிலா' கன்னடத்திலேயே நூறு நாட்களுக்கு மேல் ஓடியது. வசனத்தைவிட முகமும் ஒளியும் மௌனமும் கதையைச் சொன்னதே அதற்கு முதன்மைக் காரணம் எனலாம். பின்னர் மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' (கன்னடம், 1983) படத்துக்கும் பாலு மகேந்திராவே ஒளிப்பதிவு செய்தார்.

தமிழில்

ஜெ. மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' (1978) வழியாக அவரது ஒளிப்பதிவு தமிழுக்கு வந்தது. 'அழியாத கோலங்கள்' (1979) தமிழில் அவர் இயக்கிய முதல் படம். 'மூன்றாம் பிறை' (1982) அவருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதையும் பரவலான புகழையும் தந்தது. கேத்தி ரயில் நிலையத்தில் மழையில் நிகழும் அதன் இறுதிக்காட்சியில் கதாநாயகிக்கு நினைவு திரும்புகிறது, நாயகனை அவள் அறியாள். சமாதானம் சொல்லும் முடிவு எதுவும் அதற்கு ஒட்டப்படவில்லை.

அவர் விதி முழுமை பெற்ற படம் 'வீடு' (1988). நடுத்தர வர்க்கப் பெண்ணான சுதா (அர்ச்சனா) சொந்தமாக ஒரு வீடு கட்ட முயல்வதே கதை. படத்துக்காக உண்மையிலேயே ஒரு வீடு கட்டப்பட்டது. பாடல்கள் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து பின்னணி இசை எடுக்கப்பட்டது. இதில் தனியாக ஒரு வில்லன் கிடையாது. சிமெண்ட் திருடும் ஒப்பந்தக்காரர், கடன், லஞ்சம், அலுவலக விதி ஆகியவை ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழுந்த சுவர்களைத் தொட்டுப் பார்க்கிறார். திரும்பும் வழியில் இறக்கிறார். வெளிச்சத்தைப் போலவே துன்பமும் அந்த இடத்திலிருந்தே வருகிறது.

விமர்சனங்கள்

இந்த விதியை அவர் எப்போதும் காத்தார் என்று சொல்ல முடியாது. 'மூன்றாம் பிறை'யின் கவர்ச்சி நடனம் வணிகத்துக்காகச் சேர்க்கப்பட்டது என்ற விமர்சனம் உண்டு. 'நீங்கள் கேட்டவை' (1984) தலைப்பே சொல்வதுபோல் வெகுஜன ரசனைக்கு எடுத்த படம். 'மூடுபனி' (1980) ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வையும், 'ஜூலி கணபதி' (2003) 'மிசரி'யையும் நினைவூட்டுபவை. நடுத்தர வர்க்க ஆண் பெண் உறவையே அவர் மீண்டும் மீண்டும் சுற்றிவந்தார் என்றும் சொல்லப்படுகிறது.

மரபு

பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி ஆகியோர் அவரிடமிருந்து வந்த இயக்குநர்கள். இவர்களில் எவருடைய படமும் பாலு மகேந்திரா படம்போல் தோற்றமளிப்பதில்லை. கதை நிகழும் இடத்தை நம்புவது, பாத்திரத்தை அந்த இடத்தின் மனிதராகக் காண்பது ஆகிய இரண்டையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். சன் தொலைக்காட்சிக்காகச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கிய 'கதை நேரம்' தொடரும், அவர் நடத்திய சினிமா பட்டறையும் அந்தப் பயிற்சியின் களங்கள். 'தலைமுறைகள்' (2013) அவரது கடைசிப் படம். அதில் அவரே தாத்தாவாக நடித்தார்.

'வீடு', 'சந்தியா ராகம்' (1989) போன்ற தன் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதைப் பொதுமேடைகளில் வருத்தத்துடன் பேசிய பாலு மகேந்திரா, தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார். தேய்ந்த பிரதியிலும் வசனம் கேட்கும், கதை புரியும். ஆனால் நிழலுக்கும் ஒளிக்கும் இடையிலுள்ள மெல்லிய படிநிலைகள் ஒரே கறுப்பாகிவிடும். அவர் தன் பாணியை அமைத்தது அந்தப் படிநிலைகளில்தான்.