தொண்டைக்குள் ஒரு விளக்கு

நீண்ட காகிதக் குழாய் ஒன்றை மேசை மேல் நிறுத்தி, அடியில் கிடக்கும் காசை மேலிருந்து பாருங்கள். டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்றால் விளக்கும் கண்ணும் ஒரே வாய்க்குப் போட்டியிடும். ஒன்று மற்றொன்றை மறைக்கும்.

காசு விழுங்கிய குழந்தையைப் பார்த்த பழைய மருத்துவரின் சிக்கலும் இதுதான். எங்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு மிகச் சிறியது. குழந்தை விழுங்க ஏற்றது! காசு சிக்கினால் சோற்றுருண்டை கொடுத்துத் தள்ளிவிடுவது வீட்டு வைத்தியம். கண்ணால் காணாமல் தள்ளும் வேலை இது. ஊக்காக இருந்தால் உணவுக் குழாயையே கிழித்துவிடும்.

1868இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்மால் என்ற மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் வயிறு வரை நேரான உலோகக் குழாயைச் செலுத்திக் காட்டினார். வழி கிடைத்தது, ஒளி போதவில்லை. வெளியே எரிந்த விளக்கின் வெளிச்சம் அடியை எட்டுமுன் மங்கிவிட்டது. 1897இல் அதே நகரில் கில்லியன் என்பவர், குடியானவர் ஒருவரின் மூச்சுக் குழாய்க் கிளையில் சிக்கிய எலும்பைக் குழாய் வழியே பார்த்து எடுத்தார்.

அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் (1865–1958) சிறு மின்விளக்கைக் குழாயின் உள்முனைக்கே கொண்டுபோனார். காசருகே விளக்கு, வெளியே கண், போட்டி தீர்ந்தது! ஆனால் பார்த்தவுடன் பிடித்திழுக்க அவர் விடமாட்டார். திறந்த ஊக்கை உள்ளேயே மூடவோ, கூர்முனை பின்தங்கி வரும்படி திருப்பவோ தனி இடுக்கிகள் செய்தார். எடுத்த பொருள்களைத் திருப்பித் தரவும் மாட்டார். அவற்றில் 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் மூட்டர் காட்சியகத்தில் உள்ளன.

பின்னர் 1954இல் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹாப்கின்சும் கண்ணாடி இழைக்கற்றை வழியே படம் கடத்திக் காட்டினர். குழாய் வளையத் தொடங்கியது. குழந்தையின் தொண்டைக் காசுக்கு, மயக்க மருந்து கொடுத்தபின், நேர்க்குழாயும் இன்றுவரை பயன்படுகிறது.

வீட்டில் சலவைக்கு வைத்திருந்த காரத்தைக் குடித்து வெந்த தொண்டைகளையும் ஜாக்சன் ஏராளமாகக் கண்டார். அவர் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக, அத்தகைய பொருள்களின்மீது நச்சு எச்சரிக்கை ஒட்டவேண்டும் என்று அமெரிக்காவில் 1927இல் சட்டம் வந்தது. இன்று அதே காரம் வேறு வேடத்தில் வருகிறது. பொம்மைகளிலுள்ள பொத்தான் பாட்டரி தொண்டையில் சிக்கினால், ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து எதிர்முனையருகே காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண் ஏற்படலாம். எக்ஸ் கதிர்ப் படத்தில் அது காசு போலவே வட்டமாகத் தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் தெரிந்தால், மருத்துவர் விடியும்வரை காத்திருப்பதில்லை.