வள்ளியம்மாளின் பேரன்

2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்த நாட்களில் கிளிநொச்சியில் எந்த ஓட்டோவில் ஏறினாலும் அந்தப் பாட்டுத்தான். நாங்கள் தாளத்தைக் கேட்டுத் துள்ளினோம். அதற்குள்ளே அழுதுகொண்டிருந்த கிழவி யாரென்று பாரதிபுரத்து, மலையாளபுரத்து ஆச்சிமாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பாட்டை எழுதிய தெருக்குரல் அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அந்தச் சனங்களை ஒருவரும் கேட்கவில்லை. தோட்டங்களில் மிஞ்சியவர்களில் பலர் 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்தார்கள். காந்தீயம் அமைப்பு அவர்களை வவுனியாப் பக்கக் காடுகளில் குடியமர்த்தியது. அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். ஒரே லயத்துச் சனம்தான். பாதி கடல் கடந்தது, பாதி இங்கே காடு வெட்டியது.

அறிவு முதலில் கவிதைதான் எழுதினார். பிறகு திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் தொடங்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் சொல்லிசைக்கு வந்தார். அமெரிக்காவின் சோல் பாடகி ஜில் ஸ்கொட்டும் பிலடெல்பியாவில் கவிதை சொல்லித் தொடங்கியவர்தான். 2000இல் வந்த தன் முதல் இசைத்தொகுப்பின் பெயரிலேயே ‘சொற்களும் ஒலிகளும்’ என்று சேர்த்துக்கொண்டார்.

எங்களிடம் சொல்லைப் பாட்டாக்கும் வழி ஒன்று முன்பே இருந்தது: ஒப்பாரி. செத்தவரை முறை சொல்லிக் கூப்பிடுவதில் தொடங்கும். கூப்பிட்ட சொல் மூச்சில் இழுபடும், அந்த இழுவையே மெட்டாகும். பேச்சு எந்த இடத்தில் பாட்டானது என்று அழுகிறவளுக்கே தெரியாது. ‘என்ஜாய் எஞ்சாமி’யில் பாடகி தீ பாடும் பகுதியை விட்டுவிட்டு, அறிவின் பகுதியை மட்டும் இன்னொருதரம் கேளுங்கள். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் தாளத்துக்கு மேலே அந்த இழுவை கேட்கும். பேரப்பிள்ளையை ‘என் சாமி’ என்று கொஞ்சுகிற வாய்தான் பாட்டுக்குப் பெயரும் தந்தது. 2024இல் வந்த தன் தொகுப்புக்கு அறிவு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே பெயரிட்டார்.

வன்னியிலும் வள்ளியம்மாள்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஓர் அம்மாயியோ அப்பாயியோ இருந்தால், மலையிலிருந்து இறங்கிவந்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்லக் கைபேசியில் பதிந்து வையுங்கள், இந்தக் கிழமையே.