தீப்பெட்டி லேபிளும் இரும்புக்கை மாயாவியும்

எனக்கு ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம் என்று சொன்னதும் காலேஜ் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தீபாவளிக்கு வெடி சீப்பா கிடைக்குமா?" என்பதுதான். 2022-ல் இங்கே அகழாய்வு தொடங்கிய பிறகு, "சங்கு வளையல் எல்லாம் கிடைச்சுதே, அந்த ஊரா?" என்றும் கேட்கிறார்கள். ஆனால் யாருமே கேட்காத ஒன்று உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் படித்த காமிக்ஸ் புத்தகங்கள் எங்கள் பக்கத்து ஊரான சிவகாசியில்தான் வெளியாயின. அந்தப் புத்தகங்கள் எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு மட்டும் வந்து சேரவே இல்லை. ஏன் என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

லேபிளில் தொடங்கிய கதை

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி தயாரிப்பு தொடங்கியது. மழையை நம்பிப் பிழைக்க முடியாத கரிசல் பூமிக்கு இது பெரிய விஷயம். தீப்பெட்டி விற்க வேண்டுமானால் மேலே பளிச்சென்று கலர் லேபிள் வேண்டும். லேபிளை உள்ளூரிலேயே அடிக்க அச்சகங்கள் வந்தன. முதலில் லித்தோ, பிறகு ஆப்செட். லேபிளுக்காக வந்த இயந்திரங்கள் பிறகு காலண்டர், டைரி, நோட்டு அட்டை என எல்லாவற்றையும் அடித்துத் தள்ளின.

இப்படிக் கலர் அச்சில் பேர் வாங்கிய ஊரில்தான் 1972-ல் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962-ல் தொடங்கிய தொடர் அது. நாயகனின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்! 1984-ல் அவருடைய மகன் விஜயன் 'லயன் காமிக்ஸ்' கொண்டு வந்தார்.

புத்தகம் அடித்த ஊர், படிக்காத பிள்ளைகள்

இதே எழுபதுகளிலும் எண்பதுகளிலும்தான் சுற்றுக் கிராமங்களில் விடியுமுன்னே கம்பெனி வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். என் அம்மாவும் அதில் போனவர்தான். அவருக்கு நினைவில் இருப்பது பள்ளிக்கூடம் அல்ல, தீப்பெட்டி ஆபீஸ். கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. "லேபிள்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாதுடா. படத்தைப் பார்த்துத்தான் நேரா இருக்கா தலைகீழா இருக்கான்னு கண்டுபிடிப்போம்" என்பார்.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு கொடுத்தது. ஆக, ஆபீஸில் ஒட்டிய பெட்டியை வீட்டுத் திண்ணையில் ஒட்டினார்கள். 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கி, வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் வந்தன. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசியை வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இப்படிப் பல முயற்சிகளுக்குப் பிறகுதான் எங்கள் தலைமுறை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது.

பூட்டிய பீரோ

சரி, பள்ளிக்கூடம் வந்தாயிற்று. புத்தகம்?

நான் படித்த பள்ளியில் நூலகம் என்றால் ஒரு இரும்பு பீரோ. சாவி ஒரு சாரிடம் இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. தொடக்கப் பள்ளிக்கு நூலகர் என்று தனியாக ஆள் கிடையாது. புத்தகம் தொலைந்தாலும் கிழிந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பாடம் நடத்தும் ஆசிரியர்தான். அப்போது பூட்டி வைப்பதுதானே பத்திரம்? புத்தகம் பயன்படுத்தத்தான் என்பதை நூலக விதிகளில் முதலாவதாக 1931-லேயே எழுதி வைத்தவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்ததிலும் அவர் பங்கு பெரியது.

பீரோவுக்குள் இருந்தவை தலைவர்கள் வரலாறு, நீதிக்கதை, பொது அறிவு. காமிக்ஸ் கிடையாது. பைக்குள் இருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். "படிப்பு கெட்டுடும்" என்பது காரணம்.

ஆனால் நான் பார்த்தது வேறு. சிவகாசியில் பைண்டிங் வேலை பார்த்த மாமா கொண்டு வரும் பழைய காமிக்ஸை வீட்டில் என்னோடு சேர்ந்து புரட்டியவர் என் அம்மா. படத்தைப் பார்த்து, என்ன பேசியிருப்பார்கள் என்று யூகித்து, பிறகு எழுத்துக் கூட்டி, அது சரிதானா என்று பார்ப்பார். இன்று பேப்பர் படிக்கிறார். வீட்டில் முதன்முதலாகப் படிக்கும் ஆளுக்குப் படக்கதை கைப்பிடிச் சுவர் மாதிரி என்பது என் கருத்து.

எதிர்க்கேள்வியும் நியாயமானதே. அந்தக் கதைகளில் துப்பாக்கி அதிகம், நம் ஊர் மனிதர்கள் இல்லை. அதற்காகக் காமிக்ஸைத் தடுக்க வேண்டுமா? நம் ஊர்க் கதைகளையும் கூடவே வைத்தால் போதாதா? அதற்குப் பஞ்சமே இல்லை. ராஜபாளையத்துக்காரர் கொ.மா. கோதண்டம் 2012-லும், கோவில்பட்டிக்காரர் உதயசங்கர் 2023-லும் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியவர்கள். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதிய நாவல். வெம்பக்கோட்டை அகழாய்விலும் சுடுமண் விளையாட்டுப் பொருட்கள் கிடைத்திருக்கின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளை அந்த நாவலைப் படித்தால் எப்படி இருக்கும்!

நல்ல மாற்றமும் வராமல் இல்லை. பள்ளிக் கல்வித் துறை 2022-ல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைத் தொடங்கியது. 2023-ல் வாசிப்பு இயக்கம் மூலம் நுழை, நட, ஓடு, பற என்று படிக்கும் திறனுக்கேற்ப சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. ஆனால் எத்தனை திட்டம் வந்தாலும், புத்தகம் கிழிந்தால் கிழியட்டும் என்று ஆசிரியர் தைரியமாக எடுத்துக் கொடுக்க வழி இருக்க வேண்டும். கிழிந்த புத்தகத்தை நஷ்டக் கணக்கில் எழுதாமல், படித்த கணக்கில் எழுத வேண்டும்.

என் அம்மாவின் கை எத்தனையோ ஆயிரம் லேபிள் ஒட்டியது. அந்தக் கையில் ஒரு கதைப் புத்தகம் வந்து சேர முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த பிள்ளைக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது. அவ்வளவுதான் நண்பர்களே. உங்கள் பள்ளி பீரோவில் என்ன புத்தகம் இருந்தது? அதன் சாவி யாரிடம் இருந்தது?