சாரணர் படியேற்றம்: சடங்கும் பொருளும்

நம் முன்னோர் வாழ்வில் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு ஏறும் ஒவ்வொரு வேளையையும் விழாவாகக் கொண்டாடினர். குழந்தைக்குப் பெயரிடுதல், காது குத்துதல், அரிசியில் விரல் பிடித்து முதலெழுத்து எழுதுவித்தல் என அவை பலவாகும். இவற்றுள் எதிலும் பந்தலோ பரிசிலோ முதன்மையன்று. 'இன்று முதல் நீ இன்ன நிலையினன்; இன்ன கடமை உனக்கு உண்டு' என்று உற்றார் முன்னிலையில் உணர்த்துவதே அவ்விழாக்களின் உயிராகும். அவ்வுயிர் போனால் எஞ்சுவது வெறும் சடங்கே.

இவ்வுண்மை சாரணர் இயக்கத்துக்கும் பொருந்தும். ஜபல்பூரின் ரயில்வேக் குடியிருப்பிலும் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் மக்கள் பலர் சாரணராகவும் சாரணியராகவும், இளையோர் குருளையராகவும் நீலப்பறவையராகவும் இருக்கின்றனர். கோடையில் ரயில் நிலைய நடைமேடைகளில் பயணிகளுக்குக் குடிநீர் வழங்கும் அச்சிறுவரைக் காணும்போது நம் நெஞ்சம் மகிழ்கின்றது. ஆயினும் அவர்கள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் நாளில் நடப்பது யாது? ஆண்டு முழுவதும் வென்ற சின்னங்களைச் சேர்த்து வைத்து, ஒரு மாலையில் பந்தலிட்டு, சொற்பொழிவுகள் இரண்டு மணி நேரம் நிகழ்ந்த பின்னர், பெயர்ப் பட்டியலை விரைந்து வாசித்து, வரிசையில் வரும் சிறுவர் கையில் ஒரு துணிச் சின்னத்தையும் ஒரு தாளையும் கொடுத்தனுப்பும் காட்சியைப் பல ஊர்களில் நாம் கண்டிருக்கின்றோம். அச்சின்னம் எதற்காக என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது, சில வேளைகளில் பெற்ற சிறுவனுக்கே மறந்து போயிருக்கும். இந்நிலை மாற வேண்டுமாயின், இவ்விழாக்கள் எவ்வாறு தோன்றின, எதற்காகத் தோன்றின என்பதை நாம் அறிதல் வேண்டும்.

தோற்றம்

தென்னாப்பிரிக்காவில் 1899 அக்டோபரில் தொடங்கி 1900 மே வரை 217 நாட்கள் மாபெகிங் என்னும் ஊர் முற்றுகையிடப்பட்டிருந்தது. அவ்வூரைக் காத்து நின்ற படைத் தலைவர் பேடன் பவல். அங்கே சிறுவர்கள் செய்தி கொண்டு செல்லுதல் முதலிய பணிகளைப் பொறுப்புடன் செய்ததை அவர் கண்டார். பொறுப்பை நம்பிக் கொடுத்தால் சிறுவர் அதற்கேற்ப உயர்வர் என்னும் கருத்து அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ என்னும் சிறு தீவில் சுமார் 20 சிறுவரைக் கொண்டு அவர் ஒரு முகாம் நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கினர். நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்ட அவர்களுக்குப் பித்தளையாலான ஒரு சின்னம் அளிக்கப்பட்டது. முடிச்சுப் போடுதல், தடம் அறிதல், கொடியின் விவரம் ஆகியவற்றில் தேறிய பின்னரே 'தயாராயிரு' என்னும் பொருளுடைய சொற்கள் பொறித்த இரண்டாம் சின்னம் கிடைத்தது. உலகெங்கும் இன்று நடைபெறும் படியேற்ற விழாக்களின் வித்து அப்பித்தளைத் துண்டேயாகும்.

மறு ஆண்டு, 1908-இல், பேடன் பவலின் 'சிறுவர்க்கான சாரணியம்' என்னும் நூல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து புகுநிலை, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என மூன்று படிகள் அமைந்தன. அப்படிகளுக்கு வைத்த தேர்வுகளை இன்று நோக்கினாலும் வியப்பு உண்டாகின்றது. இரண்டாம் வகுப்புக்கு ஏற விரும்புகிறவன் இரண்டு தீக்குச்சிகளுக்கு மேற்படாமல் அடுப்பு மூட்டிக் காட்ட வேண்டும். சேமிப்பு வங்கியில் ஆறு பென்ஸாவது தன் கணக்கில் வைத்திருக்க வேண்டும். முதல் வகுப்புக்கு ஏற விரும்புகிறவன் நெடும் பயணம் ஒன்றைத் தானே முடித்து வர வேண்டும். அதற்கும் மேலாக, புதிய சிறுவன் ஒருவனைத் தானே பயிற்றிப் புகுநிலைக்குத் தகுதியாக்கிக் கொண்டு வர வேண்டும். தான் ஏறுவதற்கு முன் மற்றொருவனை ஏற்றிவிட வேண்டும் என்னும் இவ்விதியில் இயக்கத்தின் முழுத் தத்துவமும் அடங்கியிருக்கின்றது. சின்னத்தை விழா உண்டாக்கவில்லை, செயல் உண்டாக்கியது. தோழர்கள் கண்ட செயலைத் தோழர்கள் முன்னிலையில் அறிவிப்பதற்கே விழா ஏற்பட்டது.

பாரதத்தில்

நம் நாட்டில் 1909-இல் பெங்களூரில் முதல் சாரணப் படை அமைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜபல்பூர், கிர்க்கி, கல்கத்தா முதலிய இடங்களிலும் படைகள் தோன்றின. நாம் வாழும் இந்த ஜபல்பூரில்தான் 1911-இல் பாரதத்தின் முதல் சாரணியர் குழு தோன்றியது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி. ஆனால் அக்காலத்தில் அப்படைகளின் கதவு ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியச் சிறுவருக்கே திறந்திருந்தது. இந்நாட்டு மைந்தருக்கு அங்கே இடமில்லை.

கதவு திறக்கும் வரை நம்மவர் காத்திருக்கவில்லை. மத்திய மாகாணத்தில் விவியன் போஸ் இந்தியச் சிறுவரைச் சேர்த்தார். பிற்காலத்தில் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார். ஐக்கிய மாகாணத்தில் ஸ்ரீராம் பாஜ்பாய் முயன்றார். சென்னையில் 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேலின் துணையுடன் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்துச் சிறுவர் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர். இந்நாட்டுப் பாடல்களைப் பாடினர். அலகாபாத்தில் பண்டித மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, பாஜ்பாய் ஆகியோரின் முயற்சியால் சேவா சமிதிச் சாரணர் சங்கம் எழுந்தது. கும்பமேளா போன்ற பெருங்கூட்டங்களில் தொண்டு செய்வது சேவா சமிதியின் மரபாயிருந்தது.

ஒரு சொல்லுக்காகப் பிரிந்து நின்றவர்

1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது, பிரிந்து கிடந்த சங்கங்களை ஒன்றாக்கும் முயற்சி நடந்தது. பெசன்ட் அம்மையாரின் சங்கம் உட்படப் பல இணைந்தன. சேவா சமிதி இணையவில்லை. காரணம் யாதெனில், சாரண உறுதிமொழியில் அரசருக்குக் கடமையாற்றுவேன் என்னும் பகுதி இருந்தது. அயல் நாட்டு அரசர்பால் பற்றுறுதி கூறும்படி இந்நாட்டுச் சிறுவரைக் கேட்பதற்கு அச்சான்றோரின் மனம் இசையவில்லை. 1938-இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. இவ்வாறு நம் நாட்டுச் சாரணர் இயக்கம் ஏறக்குறைய 30 ஆண்டுகள் பிளவுபட்டு நின்றது.

அன்பர்களே! இங்கே நாம் சிறிது நின்று எண்ண வேண்டும். பத்து வயதுச் சிறுவன் அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கும் சில வாக்கியங்கள்! அவற்றிலுள்ள ஒரு சொல்லுக்காக மாளவியாவும் குன்ஸ்ருவும் உலக இயக்கத்தின் வாயிலில் நின்று 'வாரோம்' என்றனர். உறுதிமொழி என்பது வாயளவில் ஒப்புவிக்கும் பாடமன்று, சொன்னால் சொன்னபடி நிற்க வேண்டிய வாக்கு என்று அவர்கள் கருதியமையே அதற்குக் காரணம். அவ்வளவு மதிப்புடைய சொற்களை, பொருள் விளங்காத குழந்தைகளைக் கொண்டு கூட்டமாகக் கூவச் செய்து விழாவை முடித்துவிடுவது அம்மூத்தோருக்கு நாம் செய்யும் அவமதிப்பாகும்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் பிரதமர் நேரு, கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத், குன்ஸ்ரு, பாஜ்பாய், விவியன் போஸ் முதலியோரின் முயற்சியால் 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத் ஸ்கௌட்ஸ் அண்டு கைட்ஸ் பிறந்தது. மறு ஆண்டு, 1951-இல், சாரணியர் சங்கமும் அதனுடன் இணைந்தது. அரசருக்குரிய கடமை போய், கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை என்பது உறுதிமொழியாயிற்று. கடவுள் என்னும் சொல்லுக்குப் பதிலாகத் தர்மம் என்று கூறவும் இடமுண்டு. பிறர்க்கு உதவுதல், சாரண விதிகளின்படி நடத்தல் என்பன மற்ற இரு பகுதிகள். சாரணன் உயர்த்திக் காட்டும் மூன்று விரல்கள் இம்மூன்றையும் நினைவூட்டுவன.

இன்றைய படிகள்

இப்பொழுது சாரணச் சிறுவன் ஏறும் படிகளுக்குப் பிரவேஷ், பிரதம் சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று பெயர். சோபானம் என்றால் படிக்கட்டு என்பது நமக்கும் புதிதன்று. அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேல் குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கும் ராஷ்டிரபதி விருது. முடிச்சு, முதலுதவி, திசையறிதல், வரைபடம், முகாம் அமைத்தல், தொண்டு எனப் படிக்குப் படி கடமை வளர்கின்றது. பிரவேஷ் முடித்தவனுக்கு நடைபெறும் தீட்சை விழாவே இவை யாவற்றுக்கும் அடிப்படை. படை குதிரைலாட வடிவில் நிற்க, அணித் தலைவன் புதியவனை அழைத்து வர, சாரண ஆசிரியர் கேள்வி கேட்க, அவன் உறுதிமொழி கூற, கழுத்துத் துணியும் சின்னமும் அணிவிக்கப்பெற்று, இடக்கை குலுக்கி வரவேற்கப்படுகின்றான். இவ்வமைப்பில் வீண் உறுப்பு எதுவுமில்லை. குதிரைலாட வடிவில் நிற்பதால் ஒவ்வொருவனும் புதியவனின் முகத்தைக் காண இயலும்; திறந்த பக்கம் அவன் நுழையும் வாயில். அழைத்து வருபவன் பெரியவரல்லன், அவனைப் பயிற்றிய அணித் தலைவன். இதயத்துக்கு அருகிலுள்ள கை இடக்கை.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நம் குடியிருப்புப் பெற்றோரும் சாரண ஆசிரியரும் கொள்ளத்தக்க பாடங்கள் சில உள்ளன.

முதலாவது, காலம். தேறிய சிறுவனைப் பத்து மாதம் காக்க வைத்துப் பெருவிழாவில் சின்னம் தருதல் தகாது. ரயில்வேயில் பணிபுரியும் நமக்குத் தெரியாததா? பதவி உயர்வு ஆணை ஓராண்டு கோப்பில் உறங்கிவிட்டு வந்தால் மகிழ்ச்சியில் பாதி வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. பெரியவர் நமக்கே அப்படியாயின் சிறுவருக்கு எவ்வாறு இருக்கும்! தேறிய வாரமே, படை கூடும் மைதானத்தில், கால் மணி நேரத்தில் சின்னத்தை அணிவித்தல் நலம். ஆண்டு விழாவில் அதனை மீண்டும் பாராட்டலாம்.

இரண்டாவது, செயல். பெயரை மட்டும் வாசியாமல், அச்சிறுவன் செய்ததை ஒரு வாக்கியத்திலாவது கூற வேண்டும். 'தம்பி இருபது நாள் நடைமேடையில் தண்ணீர் கொடுத்தான். அடிபட்ட தோழனுக்குக் கட்டுப் போட்டான்' என்று கூறினால் கேட்பவர் அனைவரும் தலை நிமிர்ந்து பார்ப்பர். முடிந்தால் கற்ற வித்தை ஒன்றை அங்கேயே செய்து காட்டச் சொல்லலாம்.

மூன்றாவது, துணை. அக்கால முதல் வகுப்புச் சாரணன் மற்றொருவனை ஏற்றிவிட்டே தான் ஏறினான் அல்லவா? அதுபோல, படியேறும் ஒவ்வொருவனும் தனக்கு உதவிய ஒருவரின் பெயரையும் தான் இனிமேல் உதவப் போகும் இளையவனின் பெயரையும் கூறும்படி செய்யலாம். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

நான்காவது, மொழி. இதுவே நமக்குச் சிறப்பாக உரியது. நம் குழந்தைகள் உறுதிமொழியை ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ கூறுகின்றனர். அதில் தவறில்லை, படை முழுவதும் ஒரு மொழியில் கூறுவதே ஒழுங்கு. ஆயினும் வீட்டில், விழாவுக்கு முந்திய இரவு, தாயும் தந்தையும் அருகிலிருத்தி, ஒவ்வொரு சொல்லின் பொருளையும் தமிழில் விளக்க வேண்டும். 'கடமை என்றால் என்ன? நீ யாருக்கு வாக்குக் கொடுக்கிறாய்? கொடுத்த வாக்கைக் காப்பது எப்படி?' என்று கேட்டுப் பேச வேண்டும். சொன்ன சொல் தவறாமையை உயிரினும் மேலாக மதித்த மரபு நம்முடையது. தாய்மொழியில் உள்ளே இறங்கிய சொல், எம்மொழியில் வெளிவந்தாலும் உண்மையாகவே வெளிவரும். குத்துவிளக்கில் உறுதிமொழியின் மூன்று பகுதிகளுக்கு மூன்று திரியிட்டு, குழந்தையின் கையாலேயே ஏற்றச் செய்தால் அவ்விரவு அதன் நினைவில் நெடுங்காலம் நிற்கும்.

ஐந்தாவது, அனைவரும் ஏறும் வாய்ப்பு. சிறுவனின் திறமையை மட்டுமன்றி அவன் முயற்சியையும் அளந்து பார்க்க வேண்டுமென்று பேடன் பவல் வற்புறுத்தினார். ஓட இயலாத பிள்ளையும் பேசக் கூசும் பிள்ளையும் தம்மால் இயன்றதை முயன்று ஒரு படி ஏறினால், அப்படி மற்றவரின் மூன்று படிகளுக்கு ஒப்பாகும். அத்தகைய பிள்ளையின் பெயர் அழைக்கப்படும்போது நம் கைகள் சற்று அதிகமாகவே ஒலிக்கட்டும்.

பெற்றோர்களே! அயலூருக்குப் பிழைக்க வந்த நாம் நம் மக்களுக்கு நிலமோ வீடோ பெரிதாகச் சேர்த்து வைக்க இயலாமற் போகலாம். மாற்றல் ஆணை வந்தால் ஊர் மாறும், பள்ளி மாறும், தோழரும் மாறுவர். ஆனால் பத்து வயதில் பொருளறிந்து கொடுத்த ஒரு வாக்கும், அதனைக் கேட்டு நின்ற பெற்றோரின் முகமும் எந்த ஊருக்குச் சென்றாலும் உடன் வரும். அடுத்த முறை நம் குடியிருப்பு மைதானத்தில் கொடியேறி, படை குதிரைலாடமாக நிற்கும் மாலையில், வேலை நேர மாற்றம் செய்துகொண்டேனும் அங்கே சென்று நிற்போமாக. சின்னத்தைக் குத்தும் கை நம்முடையதாயின் இன்னும் நன்று.

வளர்க நம் இளஞ்சாரணர்! வாழ்க அவர்தம் தொண்டு!