மின்மிதிவண்டியின் பின்சக்கரம்

மின்மிதிவண்டியின் பின்சக்கரம் பல வண்டிகளில் தன் குடத்தினுள் மின்னோடியைக் கொண்டதாகும். இது ஹப் மோட்டார் எனப்படுகிறது. 2020ஆம் ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனம் அறிமுகப்படுத்திய ஐக்யூப் ஸ்கூட்டரும் இவ்வகையினதே. இந்தியாவில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த திறனுடைய மின்மிதிவண்டிகள், பிற வரையறைகளுக்கு உட்பட்டு, மோட்டார் வாகனங்களாகக் கருதப்படுவதில்லை.

அமைப்பு

கம்பிச்சுருள்கள் அச்சுடன் பிணைந்து அசையாதிருக்க, வெளிக்கூடு சக்கரத்துடன் சுழல்கிறது. அப்போது அச்சு எதிர்த்திசையில் சுழல முயலும். அதைத் தடுக்க அச்சின் முனைகள் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். நாக்குடைய வாசர் சட்டகத்தின் பிளவில் பொருந்தி அச்சைப் பிடித்துக்கொள்ளும். இந்த வாசர் விடுபட்டால் அச்சு சுழன்று, அதன் வழியே வரும் மின்கம்பி முறுக்கி அறுபடும். சக்கரம் கழன்று விழவும் கூடும்.

கழற்றுதல்

பஞ்சர் ஒட்ட, டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை வெளியே இழுத்தாலே போதும். டியூபை மாற்றவே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். முதலில் மின்கலத்தை நீக்க வேண்டும். பின்னர் மின்னிணைப்பியை, கம்பியைப் பிடித்து இழுக்காமல், நேராகப் பிரிக்க வேண்டும். நட்டுகளைக் கழற்றும்போது வாசர்களின் வரிசையைக் குறித்துக்கொள்வது நன்று. பிறகு சங்கிலியை விடுவித்துச் சக்கரத்தை எடுக்கலாம்.

மீண்டும் பொருத்துதல்

சங்கிலியைப் பற்சக்கரத்தில் மாட்டி, அச்சைப் பிளவின் அடிவரை செலுத்த வேண்டும். வாசரின் நாக்கு பிளவினுள் அமர்ந்த பின்னரே நட்டுகளை இறுக்க வேண்டும். மழைநீர் உட்புகாதவாறு மின்கம்பி கீழ்நோக்கித் தொங்குதல் வேண்டும். இணைப்பியின் அம்புக்குறிகளை நேர்படுத்தி இணைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்த பின்னர் மின்கலம் பொருத்தப்படுகிறது.