கோட்டைக்கும் சாந்தோமுக்கும் நடுவே



செவ்வாய்க்கிழமையானால் ஆவடியிலும் அம்பத்தூரிலும் ரயிலேறி, அர்மேனியன் தெரு அந்தோணியாரிடம் வேண்டப் போகிறவர்கள் நம்மில் பலர். பெரிய விழா என்றால் சாந்தோமுக்குப் போகிறோம். இரண்டும் நம் கோயில்தான் என்ற நினைப்பில் போய் வருகிறோம். ஆனால் ஒரு காலத்தில் கோட்டைக் குருவும் சாந்தோம் குருக்களும் ஒருவரையொருவர் எதிரிகளாகவே பார்த்தார்கள்.

1642-இல் எஃப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்பூச்சின் துறவி, பர்மாவின் பெகுவுக்குப் போகும் வழியில் சென்னைக்கு வந்தார். ஆங்கிலக் கம்பெனியார் இங்கே காலூன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கோட்டையை ஒட்டிக் குடியேறிய கத்தோலிக்கருக்கு உடனிருக்கக் குரு இல்லை. இங்கேயே தங்கும்படி கம்பெனியார் கேட்டார்கள்; அவரும் தங்கினார். பூசை வைத்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

மயிலையில் 1606 முதல் மறைமாவட்டம் இருந்தது. போர்த்துகல் அரசருக்குத் திருத்தந்தையர் அளித்த 'பதுரவாதோ' உரிமைப்படி, இந்தக் கரையில் ஆன்மப் பணி தங்களுடையது என்று சாந்தோம் குருக்கள் கருதினார்கள். சட்டப்படி அது வீண் வாதமும் அல்ல. ஆனால் சாந்தோமில் இருந்த குடும்பங்கள் பிழைப்பைத் தேடிக் கோட்டைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. தன் மந்தை வேறொருவர் பூசைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்தக் குருவுக்கும் எளிதல்ல.

1649-இல் எஃப்ரேம் அடிகளாரை சாந்தோமுக்கு நயமாக வரவழைத்துப் பிடித்தார்கள். கப்பலேற்றிக் கோவாவுக்கு அனுப்பி, இன்குவிசிஷன் என்ற விசாரணை மன்றத்தின் சிறையில் அடைத்தார்கள். ஏறத்தாழ இரண்டாண்டு அங்கே கிடந்தார். அவருக்காகப் பேசியவர்கள் யார் தெரியுமா? கத்தோலிக்கரல்லாத ஆங்கிலக் கம்பெனியார்! கோல்கொண்டாவின் இஸ்லாமிய அரசும் அவருக்காக சாந்தோமை மிரட்டியது என்று அக்காலப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். குருக்கள் அடைத்துவைத்த குருவை விடுவிக்கப் பிறர் வரவேண்டியிருந்தது. இதைப் படிக்கும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. எஃப்ரேமின் சக துறவி ஜெனோன் அடிகளார் ஆட்களோடு பதுங்கியிருந்து, சாந்தோம் ஆளுநரையே பிடித்துக் கோட்டைக்குக் கொண்டுவந்து அடைத்தாராம், அவர் தப்பிவிட்டாராம். இது பயணி தாவெர்னியே சொல்லும் கதை. அநியாயம் இழைக்கப்பட்டவருக்காகத்தான் செய்தார்; ஆனாலும் கையிலெடுத்தது அதே ஆயுதத்தைத்தான்.

பவுல் அடிகளார் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதியது நினைவுக்கு வருகிறது. தம் மீதுள்ள பொறாமையால் சிலர் நற்செய்தி சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். எப்படியோ கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று அவர் மகிழ்ந்தார். எஃப்ரேம் கோவாச் சிறையில் என்ன நினைத்தாரோ! வெளியே வந்ததும் சென்னைக்கே திரும்பினார். முதுமை வரை இங்கேயே பணிசெய்தார்.

பகை அத்தோடு தீரவில்லை. 1838-இல் திருத்தந்தை 16-ஆம் கிரகோரியார் மயிலையின் அதிகாரத்தைச் சென்னைக்கு மாற்றினார். மயிலைத் தரப்பு அதை ஏற்க மறுத்தது. 1886-இல் போர்த்துகலோடு உடன்படிக்கையானபின், ஒரே நகரில் சென்னை ஒன்று, மயிலை ஒன்று என இரு ஆயர் பீடங்கள் நீடித்தன. 1952 நவம்பரில்தான் இரண்டும் இணைந்தன. லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை பேராயரானார். எந்தப் பெயரையும் விடாமல், இரண்டையும் சேர்த்தே 'சென்னை-மயிலை' என்று வைத்தார்கள்.

நம் பக்கத்துப் பங்குகளைப் பாருங்கள். எஸ்டேட் வேலைக்கும் டேங்க் ஃபேக்டரி வேலைக்கும் தூத்துக்குடி, குமரி, திருச்சி, வேலூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள் நாம். பாடகர் குழுவில் யார் முதல் மைக், கொடியை எந்த அன்பியம் ஏற்றுவது, நோட்டீஸில் யார் பெயர் மேலே என்று மனம் கசந்து, பக்கத்துப் பங்கில் பூசை காணப் போய்விட்ட குடும்பங்களை நாம் அறிவோம். எல்லாரும் கோயிலுக்காக உழைத்தவர்கள். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. திருவிழாவுக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன், அந்த வீடுகளுக்கு நம்மில் இரண்டு பேர் போய்வரலாம். போகிறவர்கள் யார் என்பதில் போட்டி வந்தால், தாராளமாக வரட்டும்.